மலையில் விட்டுவந்த புட்டி

அந்தப் புட்டியை முதலில் இந்த மணல் பானைக்குள் வைத்துவிடுவோம், முத்துலட்சுமி அம்மா. மற்றதெல்லாம் பிறகு. தை மாதம்தான், இருந்தாலும் சாந்தோம் வெயில் அதையெல்லாம் பார்க்காது. பத்து மணிக்கு மேல் இந்த ஜன்னல் வழியாக நேரே மேஜைமீது இறங்கும். மணலைக் காலையில்தான் நனைத்தேன். கழுத்துவரைக்கும் புதைத்தால் போதும், பஞ்சு அடைப்பு மட்டும் நனையக் கூடாது. ஆயிற்று. இனி உட்காருங்கள். காபி கீழ்வீட்டு மர்சலின் போட்டது, பயப்படாமல் குடிக்கலாம்.

உங்களை மலையில் பார்த்தபோது இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்கள். காசநோய் சானடோரியத்தில் என் மனைவி ஃப்ளோராவுக்கு அடுத்த கட்டில் உங்களுடையது. இரண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே மாதிரி இருமலோடு கொடைக்கானலுக்கு ஏறியவர்கள். குணமான பிறகும் நீங்கள் இறங்கவில்லை, அங்கேயே தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டீர்கள். உங்கள் அண்ணன் நல்லசிவம் மகளுக்குக் கல்யாணம் என்று தி. நகருக்கு வந்த இடத்தில், ஜவுளிக்கடையில் ஆயிரம் வேலை இருக்கும்போது, என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதுவும் கையில் புட்டியோடு.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஃப்ளோரா இதை உங்களிடம் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் பழம் மட்டும் மாத்திக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் திரும்பி வரவில்லை. நீங்கள் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவள் இறந்த சேதி கிடைத்த பிறகும் நிறுத்த மனசு வரவில்லை என்றீர்கள். இதற்குள் இப்போது பறப்பவை அவள் பிடித்த ஈக்களின் பேரன் பேத்திகளுக்குப் பேரன் பேத்திகள். உங்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடாதீய. அன்னைக்குத் தந்தி வந்துச்சே, உங்களுக்கு அப்படி என்ன சீக்கு?" கோபமெல்லாம் இல்லை. இவ்வளவு நாளில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். அதை மட்டும் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் ஈயிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தத் தெருவில் என் பெயர் ஸ்தனிஸ்லாஸ் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஈக்கார சார் என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். கல்லூரியில் விலங்கியல் பையன்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஈ. வாழைப்பழத் தாரை மொய்க்குமே, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, கண் சிவந்து, அதேதான். பால் புட்டியில் தீனி ஊற்றி அதில் விட்டால் தானே பெருகும். யுத்தத்தில், தீனியை உறையவைக்கும் ஜப்பான் கடற்பாசி வருவது நின்றுபோனதும் ரவையும் வெல்லமும் பழமும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றினேன். மர்சலினின் குழந்தைகள் பாயசம் என்று நினைத்து வாசலில் வந்து நிற்கும்.

ஃப்ளோராவுக்கு நோய் கண்டு மேலே அனுப்பிய பிறகு, லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் மலையேறுவேன். சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். ப்ளம் தோட்டத்திலும் பேரிக்காய் தோட்டத்திலும் அழுகிய பழத்தை வைத்து ஈ பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஈதர் நனைத்த பஞ்சைக் காட்டினால் மயங்கி விழும், பூதக்கண்ணாடி வைத்து, பிரஷ் நுனியால் ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம் தள்ள வேண்டும். ஆணுக்கு வால் நுனி கறுத்திருக்கும். ஈதர் மிஞ்சிவிட்டால் செத்துப்போகும். செத்த ஈ இறக்கையை உடம்பைவிட்டு விரித்துத் தூக்கிக்கொள்ளும், மடித்தபடி கிடந்தால் வெறும் தூக்கம். இதையெல்லாம் அவள் ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டாள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்.

அப்படி அவள் பிடித்த மலை ஈயையும் நான் சாந்தோமில் பிடித்த கடலோர ஈயையும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான் என் ஆராய்ச்சி. ஒரே சாதி ஈ. கீழே பெண் பெரியது, ஆண் சின்னது, கண்ணுக்கே தெரியும். மலையில் இரண்டுமே பெரியவை. ஆனால் இறக்கையை மைக்ராஸ்கோப்பில் அளந்தபோது, மலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சுருங்கியிருந்தது. குளிர் செய்த வேலையாக இருக்கலாம் என்று இரண்டு கூட்டத்தையும் கல்லூரி ஐஸ் பெட்டியில் ஒன்றாக வைத்துப் பல தலைமுறை வளர்த்தேன். அப்போதும் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்துப் பிழைத்து அவற்றின் உடம்பே அப்படி ஆகிவிட்டது.

இதைச் சொன்னபோது ஃப்ளோரா சிரித்தாள். "மேல வந்துட்டா ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் அவ்ளோ ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க. இதுக்கு இன்னாத்துக்கு மைக்ராஸ்கோப்பு?" என்றாள்.

அவள் சிரித்ததில் எனக்குக் குறை இல்லை. நானும் அவளும் ஒரு நாள் ஏரியைச் சுற்றி நடந்தோம், அதைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணமான புதிதில் இங்கே கடற்கரையில் நடக்கும்போது நான் முன்னால் போவேன். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்பேன். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய வருவாள். மலையில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்து கடல்மட்டத்தில் வாழ்ந்த மார்பு. அவள் மேட்டில் ஏறி நின்று, கன்னம் சிவந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது வலித்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் முழுக்கத் தெரியாது.

ஈக்களைக் கீழே கொண்டுவருவதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரேயடியாக இறக்க மாட்டேன். இதே மாதிரி ஈரமணல் பானையில் புதைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குவேன். வத்தலக்குண்டில் எனக்குத் தெரிந்த கோயில் உபதேசியார் வீட்டில் ஒரு நாள். திண்டுக்கல்லில் ஒரு நாள். அப்புறம்தான் ரயில். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பழகவேண்டும். இன்னொரு முறையும் உண்டு. கொண்டுவருவதில் பாதி மேலேயே இருக்கவேண்டும். கீழே வந்தது செத்தால், இறக்கியதால் செத்ததா வேறு எதனாலாவதா என்று சொல்வதற்கு மேலே ஒன்று உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த மேல் புட்டியைத்தான் ஃப்ளோரா பார்த்துக்கொண்டாள். கடைசியாக நீங்கள்.

நாற்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி வாக்கில், மலை ஈக்களை இந்த ஊர்ச் சூட்டில் வைத்துப் பார்த்தேன். ஆண் தனியாக ஒரு புட்டி, பெண் தனியாக ஒரு புட்டி, இரண்டும் சேர்ந்து ஒரு புட்டி. தனியாக இருந்த ஆண்கள் தாக்குப்பிடித்தன. தனியாக இருந்த பெண்களும் தாக்குப்பிடித்தன. சேர்த்து வைத்த புட்டியில் பெண்கள்தான் முதலில் செத்தன. காரணம் எளிது. மலைக் குளிரில் பெண் ஈ முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளும். கீழே சூடும் பட்டு ஆணும் கூட இருந்தால், இருப்பதையெல்லாம் முட்டையாக்கிக் கொட்டிவிடும். பிறகு உயிர் நிற்க உடம்பில் ஒன்றும் இருக்காது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அதே முடிவு. எங்கள் பேராசிரியர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மேலே போனபோது ஃப்ளோராவிடம் சொன்னேன். "பாவம், அவளை இன்னாத்துக்குக் கீழ கொண்டாந்தீங்க?" என்றாள். ஈக்குப் போய் அவள் இவள் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸின்போதுதான் அவள் இன்னொன்றும் சொன்னாள். டாக்டர் முக்கால்வாசி குணம் என்றுவிட்டாராம். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். "கீழ வந்தா மறுபடியும் இருமிக்கினு கெடக்கணும். நீங்களும் இங்கியே வந்துருங்களேன். இங்கியும் ஈ கீது" என்றாள். நியாயமாகச் சொல்லவேண்டும், அவள் என்னை விட்டுவிடப் பார்க்கவில்லை. கூப்பிட்டாள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஐந்து வருஷத்துக்குக் குழந்தை என்ற பேச்சே கூடாது, இந்த உடம்பு அதைத் தாங்காது என்றும் சொல்லி அனுப்பினார். ஆக எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

இங்கே வந்து யோசித்துப் பார்த்தேன். மேலே போனால் நான் யார்? அவள் வேலைக்குப் போய்விட்டு வருவாள், நான் மேட்டின் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திரும்பி நின்று எனக்காகக் காத்திருப்பாள். ஆயுசு முழுக்கக் காத்திருப்பாள், அலுத்துக்கொள்ளவும் மாட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு வேண்டியது பழைய ஃப்ளோரா. மணலில் பின்னால் வருகிறவள். அவளை எவ்வளவு நேசித்தேன் என்று இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நாற்பத்தாறு ஏப்ரலில், சித்திரை பிறந்த மறுநாள், மயிலாப்பூர் தபாலாபீசுக்கு நடந்தேன். ஸ்தனிஸ்லாஸ் கவலைக்கிடம், உடனே புறப்படவும் என்று எழுதி, கீழே காஸ்பர் என்று போட்டேன். காஸ்பர் இந்த வீட்டுக்காரர், மர்சலினின் புருஷன். அவருக்கு இது தெரியாது. திரும்பும்போது மார்க்கெட்டில் சாமான் வாங்கினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு ஒரு சீக்கும் இல்லை.

காபி ஆறுகிறது.

ஈக்களை நின்று நின்று மூன்று நாளில் இறக்குகிறவன் நான். அவள் ஒரே மூச்சில் இறங்கினாள். பஸ், கொடை ரோடு ஸ்டேஷன், ரயில், எழும்பூரில் குதிரை வண்டி. வண்டி சத்தம் கேட்டதும் நான் கட்டிலில் படுத்துக் கம்பளியை இழுத்துக்கொண்டேன். வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். என்ன பேசினாள் என்று அன்று எனக்குத் தெரியாது. அவளை அடக்கம் செய்த பிறகு காஸ்பரே சொன்னார். "இன்னாமா ஃப்ளோரா, சொல்லாம கொள்ளாம வந்துகீறே? சார் ஷோக்கா கீறாரு, இப்பதான் வஞ்சிரம் வாங்கினு மேல போனாரு" என்று சொன்னாராம். இதைக் கேட்ட பிறகும் அவள் வண்டிக்காரனைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு மாடியேறி வந்திருக்கிறாள்.

என் நெற்றியில் கை வைத்தாள். கை குளுகுளுவென்று இருந்தது, மலைக் குளிர் இன்னும் அதில் மிச்சம் இருந்தது. "சுரம் இல்லியே" என்றாள். உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மர்சலின் கொடுத்தனுப்பியது என்றேன். தலையை ஆட்டினாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்பு நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்கிறது. மீன் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

அப்புறம் சில நாள் நான் படுத்துக்கொண்டே இருந்தேன். அவள் கஞ்சி வைத்தாள், தலையணை மாற்றினாள், விசிறினாள். ஒரு மத்தியானம் நான் கண்ணை மூடிக் கிடந்தேன். ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள்: "றெக்கை மடிஞ்சுதான் கீது." அவ்வளவுதான். நான் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு வியர்த்ததை அவள் துடைத்தாள்.

அதாவது அவளுக்குத் தெரியும். இதை நீங்கள் கவனிக்கவேண்டும். அடுத்த வாரம் அவளே கேட்டாள். "இப்ப தேவலையா உங்களுக்கு? நான் மேல போட்டுமா?" வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் அவளைக் கட்டிப்போடவில்லை, கதவைப் பூட்டவில்லை. தெரிந்துதான் இருந்தாள். மனைவி தானாக முடிவு செய்ததற்குப் புருஷன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மறுநாள் எழுந்துவிட்டேன். உடம்பு தேறிவிட்டது என்றேன். அவளும் தேவமாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. சாயங்காலங்களில் கடற்கரைக்குப் போவோம். முதல் வாரத்தில் கூடவே நடந்தாள், பிறகு கொஞ்சம் பின்தங்கினாள். நான் நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

குழந்தை உண்டாயிற்று. புருஷன் பெண்சாதி ஒரே வீட்டில் இருந்தால் உண்டாவதுதான். அவள் என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, கோபமும் இல்லை. ஜன்னலோரத்தில் என் புட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்தாள். "சேத்து வெச்ச புட்டி" என்றாள். நான் வேறு ஏதோ பேசினேன்.

ஆடி மாதத்தில் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. லஸ் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், வயசானவர். என்னை மாடிப்படிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போயிடலை. ஒரு கார் பிடிச்சு, படுக்க வெச்சு, அங்கங்க தங்கி, மெதுவா மேல கொண்டுபோயிடுங்க. அந்தக் காத்துல அம்மாவாவது பிழைச்சுடுவா. இங்க வெச்சுண்டா ரெண்டும் தங்காது."

அங்கங்கே தங்கி, மெதுவாக. நான் ஈக்குச் செய்கிற அதே முறை. வத்தலக்குண்டு உபதேசியாரின் வீடு என் கண்ணுக்குள் வந்தது. ஈரத்துணி, பானைத் தண்ணீர், எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஊரில் அதை என்னைவிடச் சரியாகச் செய்யக்கூடியவன் ஒருவன்கூட இல்லை. காஸ்பரின் மச்சான் விக்டரிடம் கார் இருந்தது. கேட்டால் தட்டமாட்டான்.

உள்ளே வந்தேன். "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"பிரயாணம் கூடவே கூடாதாம். அசைஞ்சா ஆபத்தாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் பார்த்து நான் கண்டதில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாளே, அப்படி. பிறகு, "சரிங்க" என்றாள்.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மேலே போனால் பிழைத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். பிழைத்தால் மறுபடி இறங்கமாட்டாள் என்பதும் தெரியும். அவள் இல்லாமல் இருப்பதா, அவள் எனக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று வந்தபோது, இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலாவது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தனியாக அந்த மணலில் நடக்கிறேன், நாலு அடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்க்கிறேன். என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. வெடிப்பதில்லை.

கார்த்திகை மழையில் போனாள். பிரசவத்துக்கு நாள் இருந்தது. பெண் குழந்தை. மூச்சு நிற்பதற்குள் மர்சலின் செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். பியாட்ரிஸ் என்று பெயர் சொன்னாள், அவளுக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. ஃப்ளோரா குழந்தையைப் பார்க்கவில்லை. அவளுக்கு மூச்சு நாலு வார்த்தைக்குத்தான் இருந்தது. நான் கட்டிலோரத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள்.

"நீங்க மெதுவா வாங்க" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தந்தி விஷயத்தில் ஒரு பொய் சொன்னேன் சாமி என்று சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றேன். சில பிரியதத்த மந்திரம் அபராதமாகச் சொல்லச் சொன்னார், பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். மாடிப்படியில் டாக்டர் சொன்னதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல் முறை. உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே வருஷம், ஒரே இருமல், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒன்று கீழே வந்தது, ஒன்று மேலேயே இருந்தது. உங்களைப் படியேறி வரப் பார்த்ததும், கன்னத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும், இனிமேல் வேறு எதனாலோ செத்தாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை என்று தெரிந்துவிட்டது. நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, ஒவ்வொரு படியாகக் கொன்றேன். சொல்லிவிட்டேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். போலீசுக்குப் போவதென்றால் போகலாம், நான் இங்கேதான் இருப்பேன். மனைவியை ஊருக்குக் கூப்பிட்டதற்கு என்ன சட்டம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

வேண்டாம், புட்டியை எடுக்காதீர்கள். உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும், இருக்கவேண்டியதுதான். ஆனால் நேற்றுத்தான் ஒரே மூச்சில் இறங்கி வந்திருக்கிறது, இந்தச் சூட்டோடு உடனே திரும்பக் கொண்டுபோனால் தாங்காது. இரண்டு மூன்று நாளாவது ஈரமணலில் இருந்து தேறட்டும், நானே வந்து தி. நகரில் கொடுத்துவிடுகிறேன். மணலைக் கிளறாதீர்கள் அம்மா, மெதுவாக. அதில் பெண் ஈக்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும், இந்த விஷயத்தில் நீங்கள் என்னை நம்பலாம்.